நிறமற்ற கரைசலுக்குள் என்ன இருக்கிறது? அயன்களையும் தொழிற்பாட்டுக் கூட்டங்களையும் கண்டறிதல்

இங்கிலாந்தில் ஏ லெவல் இரசாயனம் எடுக்கும் பிள்ளைகளுக்கு ஏகியூஏ பாடத்திட்டத்தில் கட்டாயச் செய்முறைகள் 12 இருக்கின்றன. 4ஆவது, சோதனைக்குழாயில் அயன்களைக் கண்டறிவது. 6ஆவது, சேதனச் சேர்வைகளின் தொழிற்பாட்டுக் கூட்டங்களைக் கண்டறிவது. பிள்ளை குசினி மேசையில் இருந்து ஆங்கிலப் பெயர்களை அடுக்கத் தொடங்கியதும், "உது எங்களுக்குத் தெரியாது, ரீச்சரைக் கேள்" என்று நாம் எழும்பிவிடுகிறோம். உண்மையில் அந்தப் பெயர்களில் பாதி நாம் ஊரில் விஞ்ஞானப் பாடத்தில் தமிழில் படித்தவைதான்: வெள்ளி நைத்திரேற்று, சுண்ணாம்பு நீர், பாசிச்சாயத்தாள். வர்த்தகம் படித்துக் கணக்கெழுதப் போன எங்களுக்குக்கூட இந்தப் பகுதி பிடிபடும். ஏனென்றால் இது கணக்காய்வு போன்றது. ஒரு பதிவுக்கு இரண்டு விளக்கம் இருந்தால், ஒன்றைத் தள்ளும்வரை அதைத் தொங்கற் கணக்கில்தான் வைத்திருக்க வேண்டும்.

முதலில் சுவாலைச் சோதனை. சோறு பொங்கி உப்புத் தண்ணீர் காஸ் அடுப்பில் வழியும்போது நீலச் சுவாலை மஞ்சளாவதைப் பார்த்திருப்போம். அது சோடியம். பொற்றாசியம் இளம் ஊதா, கல்சியம் செம்மஞ்சள் கலந்த சிவப்பு, இலிதியம் கடுஞ்சிவப்பு, செம்பு நீலப்பச்சை, பேரியம் வெளிறிய பச்சை. சோடியம் சிறிதளவு கலந்திருந்தாலே அதன் மஞ்சள் பொற்றாசியத்தின் ஊதாவை மறைத்துவிடும். அதனால்தான் நீலக் கோபாற்றுக் கண்ணாடியூடாகப் பார்க்கச் சொல்வார்கள். சுவாலையின் நிறத்தை ஒளிப்பட்டைகளாகப் பிரித்துப் பார்த்தே புன்சனும் கிர்க்கோவும் 1860இல் சீசியத்தையும் 1861இல் உருபீடியத்தையும் கண்டுபிடித்தார்கள்.

அடுத்தது சோடியம் ஐதரொட்சைட்டு. செம்பு நீல வீழ்படிவைத் தரும். பெரசு இரும்பு பச்சை. பெரிக்கு இரும்பு கபிலம். அலுமினியமும் மகனீசியமும் இரண்டும் வெள்ளை. இங்கேதான் தொங்கற் கணக்கு. ஐதரொட்சைட்டை மிகையாகச் சேர்த்தால் அலுமினிய வீழ்படிவு கரையும், மகனீசியத்தினது கரையாது. அமோனியம் அயன் வீழ்படிவு தராது. மெல்லச் சூடாக்கினால் அமோனியா வாயு வந்து, ஈரமான சிவப்புப் பாசிச்சாயத்தாளை நீலமாக்கும். தாள் ஈரமாக இல்லாவிட்டால் நிறம் மாறாது.

பிள்ளைகள் அதிகம் தடுமாறுவது அனயன்களில். சல்பேற்றுக்குப் பேரியம் குளோரைட்டு, ஏலைட்டுகளுக்கு வெள்ளி நைத்திரேற்று என்று பாடமாக்கிவிடுவார்கள். ஆனால் காபனேற்று இருந்தால் இரண்டிலுமே வீழ்படிவு வரும். ஆகவே முதலில் அமிலம் இட்டு, காபனேற்றைக் காபனீரொட்சைட்டாக வெளியேற்ற வேண்டும். எந்த அமிலம் என்பதிலும் கவனம் வேண்டும். சல்பேற்றுச் சோதனைக்கு ஐதான ஐதரோகுளோரிக்கமிலம். சல்பூரிக்கமிலம் இட்டால் நாமே சல்பேற்றைச் சேர்த்தவர்கள் ஆவோம். ஏலைட்டுக்கு ஐதான நைத்திரிக்கமிலம். ஐதரோகுளோரிக்கமிலம் இட்டால் நாமே குளோரைட்டைப் போட்டதாகிவிடும். அதே காரணத்தால், பேரியம் குளோரைட்டு இட்ட குழாயிலேயே ஏலைட்டைத் தேடக் கூடாது. ஒவ்வொரு சோதனைக்கும் புது மாதிரி எடுக்க வேண்டும். காபனேற்று, சல்பேற்று, ஏலைட்டு என்ற ஒழுங்கில் போவது நல்லது.

வெள்ளிக் குளோரைட்டு வெள்ளை, புரோமைட்டு வெண்மஞ்சள், அயடைட்டு மஞ்சள். குழாயைக் கையில் பிடித்துக்கொண்டு இந்த மூன்றையும் நிறத்தால் மட்டும் பிரிக்க முடியுமென்று நாம் நம்பவில்லை. அமோனியாதான் தீர்ப்புச் சொல்லும்: குளோரைட்டு ஐதான அமோனியாவிலேயே கரையும், புரோமைட்டு செறிந்த அமோனியாவில் கரையும், அயடைட்டு எதிலும் கரையாது.

காபனேற்றை வீட்டிலேயே காட்டலாம். இலண்டன் கேத்திலின் அடியில் படியும் வெள்ளைப் படிவு பெரும்பாலும் கல்சியம் காபனேற்று. யாழ்ப்பாணத்துச் சுண்ணக்கல் கிணற்றுத் தண்ணீரைக் கொதிக்க வைத்த பானையில் படிந்ததும் அதுதான். கொஞ்சம் வினாகிரி விட்டால் நுரைக்கும். அதே நுரையைத் திருப்பிப் பார்த்தால் சேதனச் சோதனை: ஒரு திரவத்துக்குச் சோடியம் இருகாபனேற்றை, அதாவது அப்பச்சோடாவை, இட்டதும் நுரைத்தால் அது காபொட்சிலிக்கமிலமாக இருக்கலாம்.

மற்றச் சேதனச் சோதனைகளில் அற்கீன் சுலபம். செம்மஞ்சள் புரோமின் நீரைச் சேர்த்துக் குலுக்கினால் நிறம் போய்விடும். அற்ககோலுக்கு அமிலமாக்கிய பொற்றாசியம் இருகுரோமேற்றுடன் சூடாக்கினால், முதல் அற்ககோலும் வழி அற்ககோலும் செம்மஞ்சளைப் பச்சையாக்கும். புடை அற்ககோல் மாற்றாது. ஆனால் அல்டிகைட்டும் பச்சையாக்கும். ஆகவே அல்டிகைட்டைத் தனியே சோதிக்க வேண்டும். தொலன் கரைசலில் அது குழாயின் உட்சுவரில் வெள்ளியாடி பூசும்; பீலிங் கரைசலில் நீலம் போய்ச் செங்கட்டிச் சிவப்பு வீழ்படிவு வரும். கீற்றோன் இரண்டிலும் பேசாமல் இருக்கும். இந்தக் குழாய்களை நேரடிச் சுவாலையில் பிடிக்காமல் சுடுநீரில் வைத்தே சூடாக்குவார்கள், சேதனத் திரவங்கள் தீப்பற்றும் என்பதால். தொலன் கரைசலை அன்றன்றே செய்து அன்றே கழித்துவிட வேண்டும். வைத்திருந்தால் வெடிக்கக்கூடிய படிவு உண்டாகும்.

பீலிங்கின் உறவுக்காரன் பெனடிக்ற் கரைசல். சீனி வருத்தக்காரரின் சலத்தைக் குழாயில் சூடாக்கி, நீலமா, பச்சையா, மஞ்சளா, செங்கட்டியா என்று பார்த்து அளவு சொன்ன காலம் எங்கள் தாய் தகப்பனுக்கு நினைவிருக்கும். குளுக்கோசிலுள்ள அல்டிகைட்டுக் கூட்டம் செம்பு அயனைத் தாழ்த்துவதுதான் அங்கும் நடந்தது. அம்மம்மாவின் சோதனை என்று சொன்னால் பிள்ளை மறக்காது.

வெள்ளி நைத்திரேற்று, பேரியம், இருகுரோமேற்று, புரோமின் எதையும் வீட்டுக்குக் கொண்டுவர வேண்டாம். வினாகிரியைப் பிளீச்சோடு ஒருபோதும் கலக்க வேண்டாம். நச்சுக் குளோரீன் வரும். வீட்டில் செய்யக்கூடியது விடை எழுதப் பழக்குவது. புரோமின் நீர் "தெளிவாகியது" என்று எழுதினால் புள்ளி போய்விடும். செம்மஞ்சள் புரோமின் நீரும் தெளிவானதுதான். "நிறமற்றதாகியது" என்றே எழுத வேண்டும். "காபனீரொட்சைட்டு வந்தது" என்பதும் அவதானம் அல்ல, முடிவு. கண்ணால் கண்டது குமிழிகள்.