இழுத்த இழுப்புக்கு வந்த கரி

கரித்துண்டை வளைத்தால் ஒடிந்துவிடும். இது நாம் எல்லோரும் அறிந்ததே. ஆதி மின்விளக்குகளுக்கு இதுவே ஒரு பெருங்குறையாக இருந்தது. 1879-இல் எடிசன் பருத்தி நூலைக் கரியாக்கி விளக்கின் இழையாக்கினார். அடுத்து மூங்கில் நாரையும் பயன்படுத்தினார். இழை ஒளிர்ந்தது; ஆனால் எளிதில் முறிந்தது.

பின்னர் வந்த டங்ஸ்டன் உலோகமும் முதலில் நொறுங்கவே செய்தது. அமெரிக்காவின் ஜெனரல் எலெக்ட்ரிக் ஆய்வுக்கூடத்தில் வில்லியம் கூலிட்ஜ் அதைச் சூடாக்கி, அடித்து, இழுத்து, 1910 அளவில் மெல்லிய கம்பியாக்கினார். கரியையும் அவ்வாறு இழுக்க முடியுமா? சாதாரண அழுத்தத்தில் கரி உருகுவதே இல்லை. கடுஞ்சூட்டில் நேரே ஆவியாகிவிடும்.

1991-இல் ஜப்பானிய விஞ்ஞானி சுமியோ இஜிமா, கார்பன் நுண்குழாய்களை எலெக்ட்ரான் நுண்ணோக்கியில் கண்டு விவரித்தார். அறுகோணங்களாக இணைந்த கார்பன் அணுக்களின் தாள், பாயைச் சுருட்டியதுபோல் குழாயாக அமைந்திருந்தது. அதன் குறுக்களவு சில நானோமீட்டரே. ஒரு மில்லிமீட்டரைப் பத்து லட்சம் கூறாக்கினால் ஒரு கூறுதான் நானோமீட்டர்! 1993-இல் ஒற்றைச் சுவர்க் குழாய்களும் கிடைத்தன.

இக்குழாய் வலிமையில் எஃகை விஞ்சியது. ஆயினும் அதிகம் நீளவில்லை. கணக்குப்படி 20 சதவீதம் வரை நீளலாம். சோதனைகளில் கிடைத்ததோ 6 சதவீதம்தான்.

1998-இல் நார்டெல்லி, யாகப்சன், பெர்ன்ஹோல்க் ஆகிய மூவரும் கணிப்பொறிக் கணக்குகளின் மூலம் ஒரு செய்தி கூறினர்: மிகுந்த சூட்டில் இழுத்தால் சில குழாய்கள் ஒடியாமல் உருமாறலாம். 2006-இல் அமெரிக்காவில் ஹுவாங், ரென், டிரெஸல்ஹவுஸ் முதலியோர் இதைக் கண்ணால் கண்டனர். நுண்ணோக்கிக்குள் ஒரு குழாயில் மின்சாரம் செலுத்தி, 2,000 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடேற்றி இழுத்தனர். 24 நானோமீட்டர் நீளமிருந்த குழாய், அறுவதற்கு முன் 91 நானோமீட்டராயிற்று. குறுக்களவு 12-லிருந்து 0.8 நானோமீட்டராகக் குறைந்தது.

காரணம் என்ன? சூட்டில் அணுக்கள் இடம் பெயர்கின்றன. நான்கு அறுகோணங்கள், இரண்டு ஐங்கோணமும் இரண்டு எழுகோணமுமாக மாறக்கூடும். இத்தகைய குறை ஓரிடத்தில் நின்றால் விரிசல் விழும். சூட்டிலோ அது குழாய் நெடுக நகர்ந்துவிடுகிறது. அணு விட்டுப்போன இடங்களும் மூடிக்கொள்கின்றன. ஆகவே குழாய் அறாமல் மெலிந்து நீள்கிறது.

குழாய் மின்சாரத்தைக் கடத்தும் விதம் அதன் குறுக்களவையும் அது சுருண்ட முறையையும் பொறுத்தது. எனவே அதைச் சூட்டில் இழுப்பது உருவத்தை மட்டுமல்ல, குணத்தையும் மாற்றும் வழியாகும். உலோகத்தைக் காய்ச்சி இழுக்கும் பழைய தொழில், இவ்வாறு அணுக்களின் அளவுக்கே வந்து சேர்ந்தது.