முட்டைக் காசு

பட்டினப்பாலையில் ஒரு கோழி வருகிறது. காவிரிப்பூம்பட்டினத்து வீட்டு முற்றத்தில் உலர்த்திய உணவைக் கொத்த வந்த அதை விரட்ட, பெண்கள் காதில் கிடந்த கனத்த குழையைக் கழற்றி எறிகிறார்கள். குழை, பிள்ளைகள் உருட்டும் சிறுதேரின் வழியை மறித்துக் கிடக்கிறது. சோழநாட்டு வளத்துக்குச் சான்றாக ஆண்டுதோறும் இதை நடத்துகிறேன். "அந்தக் கோழி யாரோடது மேடம்?" என்று ஒரு மாணவி கேட்டாள். உரைகளில் நான் காணாத கேள்வி. குறுந்தொகையிலும் கோழி உண்டு. சேவலாக வந்து, தலைவியின் உறக்கத்தைக் கலைத்துச் சாபம் வாங்கும். பெட்டையின் வரவுசெலவைத் தேட வேறு இடங்களுக்குத்தான் போக வேண்டும்.

சட்டத்தில் தேடினால், பெண் கைத்தொழிலால் ஈட்டியது கணவனின் ஆளுகைக்கு உட்பட்டது என்கிறது காத்யாயன ஸ்மிருதி. பிறந்த வீட்டார் கொடுத்தது அவளுடையது, அவளே உழைத்துச் சேர்த்தது அவளுடையது அல்ல! பெண்ணின் சொத்து அவளுக்கே முழு உரிமை என்று இந்து வாரிசுரிமைச் சட்டம் சொன்னது 1956இல். அதற்கு முன்பும் பின்பும் நம் பெண்கள் எந்தப் பிரிவையும் படித்துவிட்டுச் சேமிக்கவில்லை. அவர்களிடம் ஒரு சொல் இருந்தது: சிறுவாடு. அரிசிப் பானைக்குள்ளும் கடுகு டப்பாவிலும் சேலை மடிப்பிலும் இருந்த பணம். அதற்குப் பல வீடுகளில் ஊற்று, கோழி.

என் அம்மாயி வீட்டில் கணக்கு தெளிவாக இருந்தது. பால் பணம் அப்பாருக்கு. சொசைட்டி புத்தகம் அவர் பெயரில். ஆடு விற்ற பணமும் அவருக்கே. மாட்டுக்குத் தண்ணீர் காட்டியதும் ஆட்டுக்குத் தழை ஒடித்ததும் அம்மாயி. கோழி மட்டும் அவருடையது. ஒரு நாட்டுக்கோழி ஓர் ஈட்டுக்குப் பன்னிரண்டு, பதினைந்து முட்டை இடும். எத்தனையை விற்பது, எத்தனையை அடை வைப்பது என்பது சின்ன முடிவு அல்ல. விற்றால் நாளைக்கே காசு. அடை வைத்தால் இருபத்தொரு நாள் காத்திருக்க வேண்டும். கூமுட்டை போக, பருந்தும் கீரியும் தூக்கியது போக, மிஞ்சியதுதான் குஞ்சு. வெள்ளைக்கழிச்சல் வந்தால் ஒரே வாரத்தில் பஞ்சாரம் காலி. கோழியே இல்லாதவர் பக்கத்து வீட்டுக் கோழியை வாரத்துக்கு வாங்கி வளர்த்து, குஞ்சில் பாதியைத் திருப்பிக் கொடுப்பார். பத்திரமும் சாட்சியும் இல்லாத இந்த ஒப்பந்தம் பெண்களுக்குள் மட்டுமே நடந்தது. எங்கள் ஊரில் சேரியிலிருந்து வந்த பாலுக்கு முகம் சுளித்தவர்கள் முட்டைக்குச் சாதி பார்க்கவில்லை. ஓடு மூடியிருந்தது போலும்.

அந்தக் காசில் அம்மாயி என் அம்மாவுக்குப் பள்ளிக் கட்டணம் கட்டினார். "பொட்டப்புள்ளைக்கு எதுக்கு?" என்ற கேள்வியை அவர் எதிர்த்துப் பேசவில்லை, காசு கேட்காமல் கடந்தார். நான் தமிழ் படித்ததற்கு எந்தப் புலவரைவிடவும் அந்தப் பெட்டைகளுக்கு அதிகம் கடன்பட்டிருக்கிறேன்.

அரசின் ஏட்டில் இது என்னவாகப் பதிவாகிறது? தேசிய மாதிரி ஆய்வின் வேலைவாய்ப்புக் கணக்கெடுப்பில் 92, 93 என்று இரண்டு குறியீடுகள். முதலாவது, வீட்டு வேலை மட்டும் செய்பவர். இரண்டாவது, அதோடு விறகு பொறுக்குவது, தீவனம் சேர்ப்பது, துணி தைப்பது போன்றவற்றையும் வீட்டுக்காகச் செய்பவர். இருவருமே உழைப்பாளர் கணக்கில் சேர மாட்டார்கள். அவர்களிடம் தனியாகக் கேட்கப்பட்ட துணைக்கேள்விகளில் ஒன்று, வீட்டில் கோழி வளர்க்கிறீர்களா என்பது. கேட்டார்கள், ஆமென்றால் எழுதிக்கொண்டார்கள், பிறகும் அவர் 93தான்.

கோழியை அரசு கவனிக்கவில்லை என்று சொல்ல முடியாது. 1952இல் தொடங்கிய சமுதாய வளர்ச்சித் திட்டம் வெள்ளை லெக்ஹார்ன் சேவல்களை ஊருக்குள் கொண்டுவந்தது. அடுத்து வந்த ஊட்டச்சத்துத் திட்டம் மாதர் சங்கங்களுக்குக் கோழிகளைக் கொடுத்தது. நாட்டுக்கோழி ஆண்டுக்கு அறுபது, எண்பது முட்டை இட்ட இடத்தில் லெக்ஹார்ன் முந்நூறை நெருங்கியது. ஆனால் அது அடை காக்காது. அந்தக் குணத்தை இனத்தேர்விலேயே நீக்கிவிட்டார்கள். குஞ்சு வேண்டுமென்றால் பொரிப்பகத்துக்குப் போக வேண்டும், தீவனத்துக்கு ஆலைக்கு, கூண்டுக்கும் கொட்டகைக்கும் வங்கிக்கு. வங்கி கேட்ட நிலப் பத்திரம் யார் பெயரில் இருந்தது என்று சொல்லத் தேவையில்லை. நாமக்கல் முட்டை நகரமானது இப்படித்தான். விலையை ஒருங்கிணைப்புக் குழு அறிவிக்கிறது. முட்டையைப் பொறுக்கி அட்டையில் அடுக்குகிற கூலிவேலையில் பெண்கள் இருக்கிறார்கள்.

இது நம் ஊர்க் கதை மட்டுமல்ல. அமெரிக்காவின் டெலவேரில் ஓஷன் வியூ என்ற சிற்றூரில் செசில் ஸ்டீல் என்ற பெண், 1923இல் முட்டைக்காக ஐம்பது குஞ்சு கேட்டார். தவறுதலாக ஐந்நூறு வந்தது. திருப்பி அனுப்பாமல் இறைச்சிக்கு வளர்த்து விற்றார். நல்ல விலை கிடைத்தது. 1926இல் பத்தாயிரம் கோழிக்கான கொட்டகை எழுந்தது. அதற்குள் கணவர் கடலோரக் காவல் வேலையை விட்டுவிட்டுப் பண்ணைக்கு வந்திருந்தார். அமெரிக்க இறைச்சிக்கோழித் தொழிலின் தொடக்கமாக இதைச் சொல்கிறார்கள். ஸ்டீலின் முதல் கொட்டகையை நினைவுச்சின்னமாகப் பாதுகாக்கிறார்கள். அவர் பெயராவது மிஞ்சியது. அங்கும் பண்ணைப் பெண்களின் முட்டைக் காசில்தான் மளிகையும் துணியும் வாங்கினார்கள். சில்லறையாக இருக்கும்வரை அது அவளுடையது, கட்டாக மாறும்போது குடும்பத்துடையது. அம்மாயியின் உரிமையை நான் கொண்டாடத் தயங்குவது இதனால்தான். அப்பாரு விட்டுக்கொடுத்தது தாராளத்தால் அல்ல. குனிந்து பொறுக்க வேண்டிய அளவுக்கு அது சிறியதாக இருந்ததால்.

சத்துணவில் 1989இல் இரு வாரங்களுக்கு ஒன்றாக நுழைந்த முட்டை, 2010இல் பள்ளி நாள்தோறும் என்றானது. தமிழகக் குழந்தைகளுக்குக் கிடைத்த நல்ல விஷயங்களில் அது ஒன்று, அதில் எனக்கு ஐயமில்லை. அந்த முட்டைகள் ஒப்பந்தப்புள்ளி வழியாக வாங்கப்படுகின்றன. வெளியே விற்றுவிடாதபடி முத்திரை குத்தி, லாரியில் வருகின்றன. வேகவைத்து ஓடு உரிப்பது சமையலர் அக்காக்கள். பள்ளிச் சுவருக்கு அந்தப் பக்கம் ஆறு கோழி வைத்திருக்கும் பெண், அவற்றின் முட்டைகளைக் கூடையில் வைத்துக்கொண்டு பேருந்தேறிச் சந்தைக்குப் போகிறார்.