அரைக்கும் வேலை யாருடையது? – எஸ்பிரஸோவும் காபிக்கொட்டையும்

வீட்டுக்கு எஸ்பிரஸோ மெஷின் வாங்க ஆசைப்படுகிறவர்கள் முதலில் கேட்பது "எந்த மெஷின் நல்லது?" என்றுதான். விவரம் தெரிந்தவர்கள் பதிலுக்கு ஒரு கேள்வி கேட்பார்கள்: "கிரைண்டர் என்ன வைத்திருக்கிறீர்கள்?" (இட்லி மாவு கிரைண்டர் இல்லை, காபிக்கொட்டை அரைப்பது.) மெஷினுக்குச் செலவழிக்கும் அளவுக்கு அரைக்கும் கருவிக்கும் செலவழியுங்கள் என்று சொல்பவர்களும் உண்டு. கேட்கும்போது வேடிக்கையாக இருக்கும். ஆனால் இதற்குப் பின்னால் நூற்றைம்பது வருஷக் கதை இருக்கிறது.

நான் வணிகவியல் மாணவன். அதனாலோ என்னவோ, எனக்கு இது ஒரு வியாபாரக் கதையாகத்தான் தெரிகிறது. வறுப்பது, அரைப்பது, கெடாமல் வைத்துக்கொள்வது என்று மூன்று வேலைகள் அடுப்படியிலிருந்து தொழிற்சாலைக்குப் போயின. அவற்றில் அரைப்பது மட்டும் ஏன் அடம்பிடித்து வீட்டுக்கே திரும்பி வந்தது என்பதுதான் கதை.

அடுப்படியிலிருந்து ஆலைக்கு

19-ம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை அமெரிக்காவில் பெரும்பாலான வீடுகளில் பச்சைக் கொட்டையாகத்தான் காபி வாங்குவார்கள். அதை வாணலியில் வறுத்து, கையால் அரைத்துக் குடிப்பார்கள். பச்சைக் கொட்டை மாதக்கணக்கில் கெடாது. வறுத்த கொட்டை அப்படியில்லை. அதிலுள்ள எண்ணெயும் வாசனைப் பொருள்களும் காற்றுப் பட்டால் சீக்கிரம் கெட்டுப்போகும். அரைத்துவிட்டால் காற்றுப் படும் பரப்பு பல மடங்கு கூடுவதால் இன்னும் வேகமாகக் கெடும். அதனால் வறுப்பதும் அரைப்பதும் குடிக்கிற இடத்திலேயே நடந்தன. கார் செய்வதற்கு வெகுகாலம் முன்பே, 1840-ல் பிரான்ஸின் பெஜோ குடும்பம் கைக்காபி மில் செய்து விற்க ஆரம்பித்துவிட்டது. அந்த மில்லுக்கு அவ்வளவு தேவை இருந்தது.

முதலில் வீட்டை விட்டுப் போனது வறுக்கும் வேலை. பிட்ஸ்பர்க் நகரத்தில் மளிகை வியாபாரம் செய்த ஜான் ஆர்பக்கிள், வறுத்த கொட்டையின் மேல் முட்டையும் சர்க்கரையும் கலந்த பூச்சைப் பூசி, காற்று உள்ளே போகாமல் தடுக்கும் முறைக்கு 1868-ல் காப்புரிமை வாங்கினார். 1873-ல் வந்த அவருடைய 'அரியோசா' பாக்கெட், மாடு மேய்க்கும் கௌபாய்கள் வரை போய்ச் சேர்ந்தது. பாக்கெட்டுக்குள் ஒரு பெப்பர்மிண்ட் மிட்டாய் இருக்கும். "மிட்டாய் யாருக்கு வேண்டும்?" என்று சமையல்காரர் குரல் கொடுத்தால், ஓடி வருகிறவர் அன்றைக்குக் கொட்டை அரைக்க வேண்டும் என்று சொல்வார்கள். அரைப்பது எவ்வளவு அலுப்பான வேலை என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

அலுப்பு இருக்கும் இடத்தில்தான் வியாபாரமும் இருக்கும். 1900-ல் சான்பிரான்சிஸ்கோவின் ஹில்ஸ் பிரதர்ஸ் நிறுவனம், வெண்ணெய்க்குப் பயன்பட்ட வெற்றிட டப்பா முறையைக் காபிக்குக் கொண்டுவந்தது. டப்பாவில் காற்றே இல்லையென்றால் அரைத்த தூளையும் மாதக்கணக்கில் வைத்து விற்கலாமே! ஆனால் இதில் ஒரு சிக்கல். புதிதாக வறுத்த காபி நாள்கணக்கில் கரியமில வாயுவை வெளியே விட்டுக்கொண்டே இருக்கும். உடனே அடைத்தால் டப்பா உப்பிவிடும். அதனால் தூளைக் கொஞ்ச காலம் ஆறப்போட்டு, வாயு போன பிறகுதான் அடைப்பார்கள். வாயுவோடு சேர்ந்து வாசனையும் போகும். 1938-ல் நெஸ்கஃபே வந்தபோது காபி போடும் வேலையும் ஆலைக்குப் போய்விட்டது. வீட்டில் மிச்சம் இருந்தது வெந்நீர் வைப்பதுதான்.

இத்தாலியில் நடந்த திருப்பம்

இத்தாலியில் ஆரம்பத்தில் எல்லோருக்கும் இருந்த கவலை வேகம். கடையில் காத்திருப்பவர்களுக்குச் சட்டென்று காபி கொடுக்க வேண்டும். டூரினைச் சேர்ந்த ஆஞ்செலோ மோரியோண்டோ 1884-ல் ஒரு நீராவி இயந்திரத்துக்குக் காப்புரிமை வாங்கினார். மிலானைச் சேர்ந்த லூயிஜி பெஸ்ஸேரா 1901-ல் ஒவ்வொரு கோப்பையாகப் போடும் இயந்திரத்தைச் செய்தார். அந்த உரிமையை வாங்கிய தெசிதேரியோ பவோனி அதைப் பெரிய அளவில் விற்றார். ஆனால் இவை கொடுத்த அழுத்தம் 1.5 பார் அளவுதான். அரைப்பதில் முன்னே பின்னே இருந்தாலும் பெரிதாகத் தெரியாது.

நிலைமையை மாற்றியவர் மிலான் நகரத்து அகில்லே காஜியா. நீராவியை விட்டுவிட்டு, நெம்புகோலும் சுருள்வில்லும் வைத்து வெந்நீரை அழுத்தும் இயந்திரத்தை 1940களின் பிற்பகுதியில் கொண்டுவந்தார். அழுத்தம் சுமார் 9 பார். கோப்பையின் மேல் முதல்முறையாகப் பொன்னிற நுரை வந்தது. அதுதான் 'க்ரேமா'. 1961-ல் ஃபேமா நிறுவனத்தின் இ61 மாடல், நெம்புகோலுக்குப் பதில் மின்சாரப் பம்பு வைத்து அதே 9 பாரைக் கொடுத்தது.

க்ரேமா எங்கிருந்து வருகிறது தெரியுமா? கொட்டைக்குள் இருக்கும் அந்தக் கரியமில வாயுவிலிருந்துதான். அழுத்தத்தில் தண்ணீரில் கரைந்து, கோப்பைக்கு வந்ததும் குமிழியாக வெளியேறுகிறது. டப்பாக்காரர்கள் எதைத் தொல்லை என்று ஆறப்போட்டு விரட்டினார்களோ, அதுதான் எஸ்பிரஸோவுக்கு உயிர்!

அடுத்த சிக்கல் அரைவை. இதைப் புரிந்துகொள்ள ஹென்றி டார்சி என்ற பிரெஞ்சுப் பொறியாளரிடம் போக வேண்டும். டிஜோன் நகரத்துக்குக் குடிநீர் கொண்டுவந்த இவர், மணல் வழியாகத் தண்ணீர் எவ்வளவு வேகமாக இறங்குகிறது என்று சோதித்து 1856-ல் வெளியிட்ட விதி, காபித் தூளுக்கும் பொருந்தும். துகளின் அளவு பாதியானால் தண்ணீர் இறங்கும் வேகம் ஏறக்குறைய கால் பங்காகிவிடும். அதனால் அரைவையில் இம்மி மாறினாலும் 25 விநாடியில் இறங்க வேண்டியது 15 விநாடியில் ஓடிப் புளிக்கும், அல்லது 45 விநாடி இழுத்துக் கசக்கும். நம் பித்தளை ஃபில்டரில் அழுத்தமே கிடையாது, டிகாஷன் தன் பாட்டுக்கு இறங்கும். அது பொறுத்துக்கொள்ளும். எஸ்பிரஸோ பொறுக்காது.

இத்தாலியக் கடைகளில் மெஷின் பக்கத்திலேயே கிரைண்டர் நிற்பது இதனால்தான். காற்றின் ஈரம், கொட்டையின் வயது இவற்றைப் பார்த்து, கடைக்காரர் நாளுக்குள்ளேயே அரைவையைத் திருகித் திருகி மாற்றுவார்.

வீட்டின் பிரச்சினை

அப்படியானால் இத்தாலிய வீடுகளில் என்ன செய்தார்கள்? 1933-ல் அல்ஃபோன்ஸோ பியாலெத்தி கொண்டுவந்த மோகா பாத்திரத்தில் போட்டார்கள். அதில் அழுத்தம் குறைவு, கடைத் தூளே போதும். மோகா வீட்டுக்குள் நுழைந்து எஸ்பிரஸோ கடையிலேயே நின்றதற்கு விலை ஒரு காரணம். அரைவையும் ஒரு காரணம் என்றே எனக்குத் தோன்றுகிறது.

பாதுகாக்கும் பிரச்சினையை இத்தாலியர்கள் அழகாகத் தீர்த்தார்கள். த்ரியெஸ்தே நகரத்தில் பிரான்செஸ்கோ இல்லி 1930களில் டப்பாவிலுள்ள காற்றை எடுத்துவிட்டு, காபியோடு வினைபுரியாத வாயுவை அழுத்தி நிரப்பினார். 1960களில் லூயிஜி கோலியோ ஒருவழி வால்வை உருவாக்கினார். உள்ளே உண்டாகும் வாயு வெளியே போகும், வெளிக்காற்று உள்ளே வராது. காபிக்கொட்டைப் பையில் பொத்தான் மாதிரி ஒன்று இருக்கிறதே, அதுதான். இனி ஆறப்போட வேண்டியதில்லை.

ஆனால் வால்வு அரைத்துக் கொடுக்காது. 1961-ல் லா பவோனியின் 'யூரோபிக்கோலா' போன்ற வீட்டு நெம்புகோல் மெஷின்கள் வந்தபோதும் கேள்வி அப்படியே நின்றது. அதற்குத் தொழிற்சாலை சொன்ன பதில் 1986-ல் விற்பனைக்கு வந்த நெஸ்பிரஸோ. ஒரு கோப்பைக்கான தூளை ஒரே மாதிரி அரைத்து, அளந்து, தனித்தனிக் குப்பியில் அடைத்துவிட்டார்கள். உண்மையைச் சொன்னால் அது புத்திசாலித்தனமான தீர்வு. ஒவ்வொரு கோப்பையும் ஒரே மாதிரி வரும். ஆனால் கணக்கைப் பாருங்கள். ரேஸரை மலிவாகக் கொடுத்துவிட்டு பிளேடில் சம்பாதிக்கும் அதே வழி. அரைக்கும் வேலையைக் கொடுத்துவிட்டோம், அதற்கான கூலியை ஒவ்வொரு குப்பியிலும் கட்டுகிறோம். கொட்டை விளைவித்தவருக்கு அந்தக் கூலியில் பங்கு கிடையாது. இந்தியக் காபியை அதிகம் வாங்கும் நாடுகளில் இத்தாலி முன்னணியில் இருக்கிறது. நம் ரொபஸ்டா அங்கே எஸ்பிரஸோ கலவைகளுக்குப் போகிறது. அது போவது பெரும்பாலும் பச்சைக் கொட்டையாக. வறுத்து, அரைத்து, அடைப்பதில் வரும் லாபம் அங்கேயே தங்கிவிடுகிறது.

திரும்பி வந்த வேலை

1990களிலிருந்து வீட்டு எஸ்பிரஸோ ஆர்வலர்கள் எதிர்த்திசையில் நடந்தார்கள். சியாட்டில் கடைக்காரர் டேவிட் ஷோமர் 1996-ல் எழுதிய புத்தகம் அவர்களில் பலருக்கு வழிகாட்டி. எடை போடுவது, விநாடி எண்ணுவது, அப்போதைக்கு அப்போது அரைப்பது எல்லாம் வீட்டுப் பழக்கமாயின. பிறகு விஞ்ஞானிகளும் சேர்ந்துகொண்டார்கள். குளிர்ந்த கொட்டை இன்னும் சீராக அரைபடுகிறது என்று 2016-ல் ஓர் ஆய்வு சொன்னது. அளவுக்கு மீறி நைஸாக அரைத்தால் தூள் அடைத்துக்கொண்டு காபி சீராக வராது, கொஞ்சம் பருமனாக, குறைந்த எடையில் போடுவதே மேல் என்று 2020-ல் இன்னொன்று சொன்னது. அரைக்குமுன் கொட்டையில் சில துளி தண்ணீர் தெளித்தால் நிலைமின்சாரத்தால் தூள் ஒட்டிக்கொள்வது குறையும் என்று 2023-ல் வந்த ஆய்வு காட்டியது. ஆர்வலர்கள் இதை முன்பே செய்துகொண்டிருந்தார்கள் என்பது தனிக் கதை.

இந்த வரலாற்றை வீட்டு அலமாரிக்குக் கொண்டுவந்தால் இவ்வளவுதான்:

கொட்டையாக வாங்குங்கள். பையில் காலாவதித் தேதியைவிட வறுத்த தேதியைத் தேடுங்கள். வறுத்து ஒரு வாரம் போல ஆறியதும் ஆரம்பித்து, ஒரு மாதத்துக்குள் முடிக்கிற அளவு போதும். காற்றுப் புகாத டப்பாவில், வெளிச்சமும் அடுப்புச் சூடும் படாத இடத்தில் வையுங்கள். தினமும் திறந்து மூடுவதை ஃபிரிட்ஜில் வைக்காதீர்கள், ஈரமும் சாம்பார் வாசனையும் ஏறும். அதிகம் இருந்தால் சின்னச் சின்னப் பொட்டலமாக இறுக மூடி ஃப்ரீசரில் வைக்கலாம்.

மிக்ஸி பிளேடு கொட்டையை உடைக்குமே தவிர சீராக அரைக்காது. பாதி மாவாகவும் பாதி ரவையாகவும் வரும். திரிகை மாதிரி, பல் வெட்டிய இரண்டு உலோகத் தட்டுகளுக்கு நடுவே அரைக்கும் கிரைண்டர்தான் வேண்டும். பட்ஜெட் இடித்தால் கையால் சுற்றுவதை வாங்குங்கள், அது மலிவு. 18 கிராம் போட்டு 36 கிராம் காபி 25 முதல் 30 விநாடிக்குள் வருகிறதா என்று பாருங்கள். சீக்கிரம் ஓடினால் இன்னும் நைஸாக, இழுத்தால் கொஞ்சம் பருமனாக அரையுங்கள். ஒரு தடவைக்கு ஒன்றை மட்டும் மாற்றுங்கள்.

காலையில் அவசரமாக ஓடுகிறவர் குப்பிக் காபி குடிப்பதை நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் வியாபாரத்தில் வசதி என்று நமக்கு விற்கப்படுவதில் பாதி, நம்மிடமிருந்து எடுத்துக்கொண்ட வேலைதான். எந்த வேலையைக் கொடுக்கலாம், எதைக் கையில் வைத்துக்கொள்ளலாம் என்று தெரிந்து கொடுப்பது நல்லது. காபியைப் பொறுத்தவரை வறுப்பதைக் கொடுத்துவிடலாம். அரைப்பதை வைத்துக்கொள்ளுங்கள். பெப்பர்மிண்ட் மிட்டாய் கிடைக்காது, நல்ல காபி கிடைக்கும்.