பெட்டிக்குள் ஒரு பேரரசு: ஈயச் சிப்பாய்களைச் சான்றாக வாசித்தல்

லண்டன் பிரிட்டன்ஸ் நிறுவனம் நூறாண்டுக்கு முன் வார்த்த ஈயச் சிப்பாய் ஒன்றைத் தேர்ந்த சேகரிப்பாளரிடம் கொடுத்தால், அவர் முதலில் முகத்தைப் பார்ப்பதில்லை. தலைகீழாகத் திருப்பி அடிப்பாகத்தைத்தான் பார்ப்பார். அங்கே மங்கிய காகிதத் துண்டு ஒன்று ஒட்டியிருக்கலாம். அல்லது நிறுவனத்தின் பெயரும் ஒரு தேதியும் ஈயத்திலேயே பதிந்திருக்கலாம். அந்தத் தேதி சிப்பாயை வார்த்த நாள் அல்ல, அந்த வடிவத்துக்கு உரிமை பதிவான நாள். மற்ற வார்ப்பகங்கள் தன் உருவங்களை நகலெடுத்து விற்றதைத் தடுக்க நிறுவனம் 1900ஐ ஒட்டி எடுத்த நடவடிக்கையின் தடயம் அது. சிப்பாயின் மார்பிலுள்ள பதக்கத்தைவிட அவன் காலடியிலுள்ள இந்த எழுத்து வரலாற்றாசிரியருக்கு அதிகம் பயன்படும்.

போர்ச் சிற்றுருவங்களைச் சேகரிப்போரில் இரண்டு கட்சி உண்டு. ஒரு கட்சிக்குத் துல்லியம்தான் உயிர். வாட்டர்லூவில் நின்ற ஒரு படைப்பிரிவின் கழுத்துப்பட்டை மஞ்சளா வெளிர்மஞ்சளா என்று பழைய ஓவியங்களைப் புரட்டி வாதிடுவார்கள். பளபளப்பற்ற வண்ணத்தில் ஒளியும் நிழலும் கொடுத்து 54 மில்லிமீட்டர் உயரத்துக்குள் ஒரு மனிதனின் களைப்பையே கொண்டுவந்துவிடுவார்கள். மறுகட்சிக்கு மினுங்கும் எனாமலும், கன்னத்தில் வைத்த ரோஜாநிறப் பொட்டும், புள்ளிக் கண்ணும் போதும். பொம்மை பொம்மையாக இருப்பதே அவர்களுக்கு அழகு. ஆய்வு என்று வரும்போது துல்லியக்காரர்களின் பக்கம் சாய்வது இயல்பு. சரியான சீருடை சரியான சான்று என்று தோன்றும். அந்த எண்ணம் தவறு என்பதே இக்கட்டுரையின் வாதம். சிற்றுருவம் போரைப் பற்றிச் சொல்வது கொஞ்சம். செய்தவர், விற்றவர், வாங்கியவர் பற்றிச் சொல்வது நிறைய. யாரை யாரோடு சேர்த்து நிறுத்தினார்கள், எத்தனை பேரை நிறுத்தினார்கள், யாரை விட்டுவிட்டார்கள் என்பதில்தான் அந்தச் செய்தி இருக்கிறது.

துல்லியத்தின் எல்லையைக் காட்ட வில்லியம் சைபோர்னைவிட நல்ல சாட்சி கிடைக்காது. நில அளவையில் தேர்ந்த இந்த பிரிட்டிஷ் அதிகாரியிடம், 1815இல் நடந்த வாட்டர்லூ போரின் மாதிரியைச் செய்யும் பணி 1830இல் ஒப்படைக்கப்பட்டது. போர்க்களத்தின் நடுவே இருந்த லா ஹே சேந்த் பண்ணையில் மாதக்கணக்கில் தங்கி, மேடு பள்ளங்களை அவர் அளந்தார். பிறகு, போரில் உயிர் தப்பிய அதிகாரிகளுக்குச் சுற்றறிக்கை அனுப்பினார். மாலை ஏழு மணியளவில் உங்கள் படை எங்கே நின்றது, என்ன வரிசையில் நின்றது, எதிரே வயலில் என்ன பயிர் இருந்தது என்றெல்லாம் கேட்டார். நூற்றுக்கணக்கில் பதில்கள் வந்தன. ஒரு போரில் பங்கேற்றவர்களிடம் இவ்வளவு விரிவாகக் கேட்டு வாங்கிய வாக்குமூலத் தொகுப்பு அதற்குமுன் அரிது. ஒரு பொம்மைக் களத்துக்காக அது திரட்டப்பட்டது என்பதைப் போர் வரலாற்றுத் துறை அவ்வளவாக நினைவில் வைத்துக்கொள்வதில்லை.

1833இல் அரசு பணம் தருவதை நிறுத்தியது. சைபோர்ன் கடன் வாங்கி வேலையைத் தொடர்ந்தார். 1838இல் லண்டன் பிக்கடில்லியில் அப்போதிருந்த எகிப்தியன் ஹாலில் மாதிரி காட்சிக்கு வந்தது. ஏறக்குறைய 400 சதுர அடிப் பரப்பில் 70,000க்கும் மேற்பட்ட உருவங்கள். கூட்டம் திரண்டது. சிக்கல், பிரிட்டனின் கூட்டாளியான பிரஷ்யப் படையில் வந்தது. தனக்குக் கிடைத்த தகவல்களின்படி, மாலை ஏழு மணிக்கே பிரஷ்யர்கள் பெரும் எண்ணிக்கையில் களத்தில் இருந்ததாக சைபோர்ன் காட்டியிருந்தார். வெற்றியில் பிரஷ்யர்களின் பங்கு எவ்வளவு என்பது பிரிட்டிஷ் தரப்புக்குத் தலைமை தாங்கிய வெலிங்டன் பிரபுவுக்கும் அவரைச் சார்ந்தோருக்கும் கூச்சமான கேள்வி. நெருக்கடி பல வழியில் வந்தது. கடைசியில் பிரஷ்ய உருவங்களில் பெரும்பகுதியை சைபோர்னே எடுத்துவிட்டார்.

எஞ்சிய உருவங்களின் சீருடையில் யாரும் குறை சொல்ல முடியாது. ஆனால் களம் பொய் சொல்லியது. இன்று லண்டன் தேசிய ராணுவ அருங்காட்சியகத்தில் இருக்கும் அந்த மாதிரியில் இன்னொரு பொய்யும் உண்டு. அது தவிர்க்க முடியாதது. ஒரு மைலுக்கு ஒன்பது அடி என்ற அளவில் நிலம் சுருக்கப்பட்டிருக்கிறது. அந்தக் கணக்குப்படி ஒரு மனிதன் மூன்று மில்லிமீட்டர் உயரம்தான் இருக்க வேண்டும். அவ்வளவு சிறிதாக வார்த்தால் யாருக்குத் தெரியும்? ஆகவே உருவங்கள் பத்து மில்லிமீட்டர் அளவில் நிற்கின்றன. நிலத்தைவிட மனிதர் மூன்று மடங்கு பெரியவர். கண்ணுக்காகச் செய்த சமரசம் என்று இதை விட்டுவிடலாம். பிரஷ்யர்களை எடுத்ததை அப்படி விட முடியாது. இந்த இரண்டையும் பிரித்தறியச் சீருடை நூல் உதவாது. கடிதக் கட்டுகளும் எண்ணிக்கையும்தான் உதவும்.

வீட்டுக்குள் வந்த சிப்பாயின் கதை வேறு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இந்தத் தொழில் ஜெர்மனியின் கையில் இருந்தது. நியூரம்பர்க் கைவினைஞர்கள் ஸ்லேட் கல்லில் இருபுறமும் அச்சு வெட்டி, தகடு போன்ற தட்டை உருவங்களை வார்த்தார்கள். 1848இல் எர்ன்ஸ்ட் ஹைன்ரிக்ஸன் 30 மில்லிமீட்டர் உயரத்தை நிலையான அளவாக்கினார். மெல்லிய மரச்செதில் பெட்டிகளில் அடைத்து எடைக்கணக்கில் விற்றார்கள்: கால் பவுண்டு படை, அரை பவுண்டு படை! முழு உருட்டாக ஈயத்தில் வார்த்தவையும் அங்கிருந்தே வந்தன. லண்டன் பிள்ளைகள் விளையாடிய செஞ்சட்டை பிரிட்டிஷ் வீரர்களில் பெரும்பாலோர் ஜெர்மன் இறக்குமதிதான்.

1893இல் பிரிட்டன்ஸ் நிறுவனத்தின் வில்லியம் பிரிட்டன் இளையவர் ஒரு சிக்கன வழி கண்டார். உருகிய ஈயக் கலவையை அச்சில் ஊற்ற வேண்டும். அச்சின் சுவரையொட்டி ஒரு படலம் உறைந்த கணமே நடுவிலுள்ள குழம்பைத் திரும்பக் கொட்டிவிட வேண்டும். சிப்பாய் உள்ளே வெறுங்கூடு. ஈயம் மிச்சம், எடை குறைவு, விலையும் குறைவு. சிவப்புப் பெட்டியில் காலாட்படை என்றால் எட்டுப் பேர், குதிரைப்படை என்றால் ஐந்து பேர். வண்ணம் தீட்டியவர்கள் பெரும்பாலும் பெண்கள். மீசையின் வளைவிலும் கன்னப் பொட்டிலும் தெரிவது படைத்தளபதியின் கை அல்ல, எண்ணிக்கைக்குக் கூலி வாங்கிய ஒரு தொழிலாளியின் அவசரம். துல்லியக்காரர்கள் இதைப் பிழை என்பார்கள். உழைப்பு வரலாற்றை எழுதுபவருக்கு இதைவிட நேரான ஆவணம் எது?

ஒரே அச்சில் வார்த்த உடலுக்குத் தலையையோ வண்ணத்தையோ மாற்றி வேறு படைப்பிரிவின் பெயர் சூட்டுவது நிறுவனத்தின் வழக்கம். இந்தியப் படைகளும் அதே வழியில் பட்டியலுக்குள் வந்தன: ஹாட்சன்ஸ் ஹார்ஸ், ஸ்கின்னர்ஸ் ஹார்ஸ் முதலான குதிரைப்படைகளோடு, 67ஆம் எண் பெட்டியில் முதலாவது மதராஸ் காலாட்படையும் அணிவகுத்தது. இது 1890களில் நடந்தது என்பதைக் கவனிக்க வேண்டும். மதராஸ் படைக்கு 1881 முதல் 1885 வரை தலைமை தாங்கி, பிறகு இந்தியப் படை முழுவதற்கும் தலைமைத் தளபதியான ராபர்ட்ஸ், தென்னாட்டுச் சிப்பாய் வடமேற்கு எல்லைப் போருக்கு ஏற்றவன் அல்ல என்ற முடிவுக்கு வந்திருந்தார். 'போர்க்குணம் கொண்ட இனங்கள்' என்ற கோட்பாடு ஆட்சேர்ப்புக் கொள்கையாகிவிட்ட காலம் அது. மதராஸ் படைப்பிரிவுகளில் சில கலைக்கப்பட்டன. சிலவற்றில் பஞ்சாபிகளைச் சேர்த்தார்கள். 1920களின் முடிவில் மதராஸ் ரெஜிமென்ட் என்பதே இல்லாமல் போய், இரண்டாம் உலகப் போரில்தான் மறுபடி எழுந்தது.

படைத்தலைமை ஓரங்கட்டிக்கொண்டிருந்த சிப்பாயை லண்டன் பொம்மைக்கடை நடுக்கூடத்தில் நிறுத்தியது ஏன்? தென்னாட்டின்மேல் கொண்ட மதிப்பு என்று சொல்லத் துணிய வேண்டாம். வங்காளம், பம்பாய், மதராஸ் என்று மூன்று மாகாணமும் வரிசையில் நின்றால்தான் தொகுதி முழுமையாகும். முழுமையடையாத தொகுதி அடுத்த பெட்டியை வாங்கவைக்கும். பேரரசின் பரப்பைக் கடைப் பட்டியல் தன் கணக்கில் அளந்தது. தமிழரும் தெலுங்கரும் மலையாளிகளும் கலந்து நின்ற ஒரு படை, ஒரே முகமும் ஒரே நிறமும் கொண்ட எட்டு உருவங்களாகச் சுருங்கியது. சீருடை ஓரளவு சரி என்பது இங்கே அற்ப ஆறுதல்.

விளையாட்டின் விதிகளிலும் இதே அரசியல் உண்டு. வின்ஸ்டன் சர்ச்சில் 1930இல் வெளியிட்ட தன் இளமைக்கால வரலாற்றில், சிறுவயதில் தன்னிடம் ஏறக்குறைய 1,500 சிப்பாய்கள் இருந்ததாகவும் எல்லோரும் பிரிட்டிஷார் என்றும் எழுதுகிறார். எதிரிப்படை தம்பி ஜாக்கினுடையது. வெள்ளையரல்லாத சிப்பாய்களை மட்டுமே ஜாக் வைத்துக்கொள்ளலாம்; அவர்களுக்குப் பீரங்கி கிடையாது. அணிவகுப்பைப் பார்வையிட்ட தந்தை, ராணுவத்தில் சேர விருப்பமா என்று கேட்டதையே இந்தப் பகுதியில் எல்லோரும் மேற்கோள் காட்டுகிறார்கள். பீரங்கியில்லாத தம்பியின் படை அதைவிட முக்கியமான செய்தி.

பொம்மைச் சிப்பாய் போர்வெறியை வளர்க்கிறது என்ற குற்றச்சாட்டு பழையது. 1914இல் லண்டனில் சமாதான இயக்கத்தினர் சிப்பாய்க்குப் பதிலாக 'அமைதிப் பொம்மைகளை' முன்வைத்தார்கள். எழுத்தாளர் சாகி அதைக் கதையாக்கிக் கேலி செய்தார்; அதில் நகராட்சிக் கட்டடத்தையும் அறிஞர் பொம்மையையும் வைத்துப் பிள்ளைகள் போர்தான் நடத்துகிறார்கள். கேலி செய்த சாகி 1916இல் பிரான்சுப் போர்முனையில் குண்டடிபட்டு இறந்தார். 1913இல் 'லிட்டில் வார்ஸ்' எழுதிப் பெரியவர்களுக்கும் இந்த விளையாட்டைக் கற்பித்த எச்.ஜி. வெல்ஸோ, உண்மைப் போரின் மடமைக்கு மாற்றாகவே இதைப் பரிந்துரைத்தார். இரு தரப்பிலும் சான்று போதாது. சந்தை மட்டும் தெளிவாகப் பேசியது: போரில் பிள்ளைகளைப் பறிகொடுத்த வீடுகள் சிப்பாய் வாங்கத் தயங்கின, 1920களின் தொடக்கத்தில் பிரிட்டன்ஸ் பசு, பன்றி, பால்காரி, பாதிரியார் என்று பண்ணைத் தொகுதி வார்த்தது. 1935இல் இத்தாலி அபிசீனியாமேல் படையெடுத்தபோது பட்டியலில் இத்தாலியரும் வந்தார்கள், அபிசீனியரும் வந்தார்கள்.

ஜெர்மனியின் எலாஸ்டோலின், லைனோல் உருவங்கள், நடப்பு அரசியல் உடனுக்குடன் பொம்மையாகும் இந்தப் போக்கின் கடுமையான வடிவம். கம்பிக் கூட்டின்மேல் மரத்தூளும் பசையும் கலந்த களியை அழுத்திச் செய்தவை. 1930களில் ஹிட்லரும் அவரைச் சுற்றி நின்றோரும் பொம்மையாகி வீடுகளுக்குள் போனார்கள். ஸ்வஸ்திகாவைப் பொதுவில் காட்ட இன்று ஜெர்மனியில் சட்டத் தடை இருப்பதால் விற்பனைப் படங்களில் அதை மறைக்கிறார்கள். அது நியாயம். உருவத்திலிருந்தே சுரண்டி எடுப்பது வேறு. குற்றவாளிக்குச் சாதகமாகத் தடயத்தை அழிப்பது அது.

இங்கேதான் சேகரிப்பாளரின் பிடிவாதம் ஆய்வுக்குக் கைகொடுக்கிறது. மறுவண்ணம் பூசிய சிப்பாய்க்கு ஏலத்தில் விலை இறங்கும்; பழைய பெட்டியோடும் அதன் லேபிளோடும் வந்தால் ஏறும். பணத்துக்காக உருவான இந்த மரபே அச்சும் வண்ணமும் பெட்டியும் பிரியாமல் காத்தது. ஈயத்துக்கு நோயும் உண்டு. ஓக் மர அலமாரியில் பூட்டிவைத்தால் மரத்திலிருந்து கசியும் அமில ஆவி பட்டு, பளபளத்த குதிரையின் கால் வெள்ளைப் பொடியாக உதிரும். அதை முதலில் கவனித்துப் பேசியவர்களில் வீட்டுக் கூடத்தில் சிப்பாய் வளர்த்தவர்களும் அடக்கம்.

சேகரிப்பு எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு அமெரிக்காவில் ஒரு முன்மாதிரி உண்டு. ஆன் எஸ்.கே. பிரவுன் 1930இல் ஐரோப்பியத் தேனிலவுப் பயணத்தில் சிற்றுருவச் சிப்பாய்களை வாங்கினார். அவற்றின் சீருடை சரியா என்று பார்க்க நூல் வாங்கினார்; நூலுக்குத் துணையாக ஓவியமும் அச்சுப்படமும் வாங்கினார். பிராவிடன்ஸ் நகரின் பிரவுன் பல்கலைக்கழகத்தில் இன்றுள்ள ராணுவ ஓவியத் தொகுப்பு, உலகின் பெரிய தொகுப்புகளில் ஒன்று, அப்படி வளர்ந்தது. ஆயிரக்கணக்கான சிப்பாய்களும் அங்கே கண்ணாடிக்குள் நிற்கிறார்கள்.

நம் அருங்காட்சியகங்களும் ஆய்வுத் துறைகளும் பொம்மையைக் குழந்தைப் பொருள் என்று ஒதுக்குவதை நிறுத்த வேண்டும். பதிவேட்டில் உயரமும் படைப்பிரிவின் பெயரும் எழுதினால் போதாது; பெட்டி எண், அடிப்பாக எழுத்து, உடன் வந்தவர்கள், மறுவண்ணம் உண்டா இல்லையா என்று எழுத வேண்டும். மதராஸ் படையின் வரலாற்றை எழுத முனைவோர் ராபர்ட்ஸின் நினைவுக்குறிப்புகளையும் ரெஜிமென்ட் ஆவணங்களையும் படிக்கும்போது, 67ஆம் எண் பெட்டியையும் ஒருமுறை திறந்து பார்க்கட்டும்.