சிலுவை

தமிழ்க் கிறிஸ்தவர்கள் அன்றாடம் சொல்லும் ‘சிலுவை’ சுரியானி மொழியிலிருந்து வந்த சொல். கேரளத்துச் சுரியானிக் கிறிஸ்தவர்கள் இன்றும் ‘ஸ்லீவா’ என்கிறார்கள். சொல்லின் முதலில் இரண்டு மெய் சேர்ந்து வருவதைத் தமிழ் ஏற்பதில்லை. இடையில் இகரம் புகுந்தது. ஈற்று ஆகாரம், சபா ‘சபை’ ஆனதுபோல, ஐகாரமாயிற்று. போர்ச்சுக்கீசியர் வழி வந்த ‘குருசு’ தெற்கே ‘குருசடி’ எனப்படும் சிலுவைச் சிற்றாலயங்களின் பெயரில் வாழ்கிறது. சுரியானி, இயேசு பேசிய அரமேயத்தின் கிளை என்பதால் ‘சிலுவை’ மீது எனக்குத் தனிப் பிரியம்.

இதே சொல்லால்தான் தீராத நோயையும் கடனையும் ‘என் சிலுவை’ என்கிறோம். இயேசு அச்சொல்லை ஆண்ட பொருளுக்கு இந்த வழக்கு பொருந்தாது. ரோமர் ஆட்சியில் சிலுவை சுமந்து நடந்தவன் கொலைக்களத்துக்குப் போகிறவன். தம்மைப் பின்பற்ற விரும்புகிறவன் தன் சிலுவையை எடுக்க வேண்டும் என்று இயேசு சொன்னபோது, கேட்டவர்கள் மனதில் எழுந்திருக்கக்கூடிய காட்சி அதுதான். தலையில் தானாக வந்து விழுந்த துன்பத்தை அவர் சொல்லவில்லை. அவருக்காக ஒருவர் மனமுவந்து ஏற்பதைச் சொன்னார். மத்தேயுவிலும் மாற்கிலும் உள்ள இதே கூற்றோடு ‘நாள்தோறும்’ என்பதையும் சேர்த்துத் தருபவர் லூக்கா மட்டுமே. லூக்கா 9:23-ஐ இன்று ஒருமுறை நிதானமாகப் படியுங்கள்.