விடைநூலும் மறுவாசகரும்: கணிதச் சுயகற்றல் குறித்து

கணிதத்தைத் தானே கற்பவர் இரண்டு வேலைகளைச் செய்ய வேண்டியிருக்கிறது. நூலில் கண்ட முடிவை, நூலை மூடிவைத்துவிட்டுத் தானே மீளக் கட்டுவது ஒன்று. கட்டியது சரியாக நிற்கிறதா என்று சோதிப்பது மற்றொன்று. முதலாவது தனிமையில் நன்கு நடக்கும். இரண்டாவதற்குப் பெரும்பாலும் இன்னொருவர் வேண்டும். சீனிவாச இராமானுஜனின் (1887–1920) கற்றல் வரலாறு இந்த இரண்டுக்கும் சான்று தருகிறது.

கும்பகோணத்தில் உயர்நிலைப் பள்ளி மாணவராக இருந்த இராமானுஜனுக்கு, 1903இல் ஜி. எஸ். கார் தொகுத்த கணிதச் சுருக்க நூல் கிடைத்தது. கார் இலண்டனில் தனிப்பட்ட முறையில் வகுப்பு நடத்தியவர். கேம்பிரிட்ஜ் பரீட்சைக்கு மாணவரைத் தயார் செய்தவர். அட்சரகணிதம், திரிகோணகணிதம், நுண்கணிதம், பகுமுறைக் கேத்திரகணிதம் ஆகியவற்றில் ஆயிரக்கணக்கான முடிவுகளை அந்நூல் வரிசையாக இலக்கமிட்டுத் தருகிறது. நிறுவல்கள் பெரும்பாலும் ஒரு குறிப்பளவில் நின்றுவிடும். இன்றைய வழக்கில் சொன்னால் அது ஒரு ரியூசன் குறிப்பு. மனனம் செய்பவருக்கு அது பரீட்சைத் துணை மட்டுமே. இராமானுஜனோ ஒவ்வொரு முடிவையும் தீராத கணக்காக எடுத்துக்கொண்டு, தானே வழி தேடினார். விடை முன்னால் இருந்ததால் திசை தெரிந்தது. வழி மறைந்திருந்ததால் உழைப்பு அவருடையதாயிற்று.

அவருடைய அன்றாட முறையும் இதற்கு ஏற்றதாகவே அமைந்தது. கடதாசி விலையுள்ள பொருளாக இருந்தமையால் கற்பலகையில் கணித்து, அழித்து, முடிவை மட்டும் குறிப்பேட்டில் எழுதினார். அந்தக் குறிப்பேடுகளைக் கணித அறிஞர் புரூஸ் பெர்ண்ட் நிறுவல்களோடு ஐந்து பகுதிகளாக 1985 முதல் 1998 வரை பதிப்பித்தார். பதிவான முடிவுகளில் மிகப் பெரும்பாலானவை சரியானவை. ஆனால் வழி அழிந்து முடிவு மட்டும் எஞ்சியதால், அவற்றை நிறுவப் பிறர் பல ஆண்டுகள் உழைக்க வேண்டியிருந்தது.

தனிமைக்கு அவர் கொடுத்த விலையும் சிறிதன்று. நாற்படிச் சமன்பாட்டுக்குத் தாமே தீர்வுமுறை கண்டவர், ஐம்படிச் சமன்பாட்டையும் மூலக்குறிகளால் தீர்க்க முயன்றார். அது பொதுவாக இயலாதெனக் கணித அறிஞர் ஆபெல் 1824இலேயே காட்டியிருந்தது அவருக்கு எட்டவில்லை. கணிதத்திலேயே மூழ்கிப் பிற பாடங்களைக் கைவிட்டதால் எவ்.ஏ. என்ற கல்லூரிப் பரீட்சையிலும் தேறவில்லை. 1913 ஜனவரியில் கேம்பிரிட்ஜ் கணித அறிஞர் ஜி. எச். ஹார்டிக்கு அவர் அனுப்பிய கடிதத்தில் முதன்மை எண்களின் எண்ணிக்கை பற்றிய கூற்றும் இருந்தது. அவருடைய சூத்திரம் தரும் வழு அவர் எண்ணியதைவிடப் பெரிதென்பதை ஹார்டியும் அவருடைய சகா லிட்டில்வுட்டும் கண்டனர். சிக்கலெண் சார்புகளின் கோட்பாட்டை அவர் அப்போது அறிந்திருக்கவில்லை. கணித்துப் பார்த்த எண்கள் ஒத்துப்போனதே அவரைத் தவறச் செய்தது.

இத்தகைய பிழை பள்ளி மட்டத்திலும் நேரும். n² + n + 41 என்ற கோவையில் n = 0 முதல் 39 வரை பிரதியிட்டால் ஒவ்வொரு முறையும் முதன்மை எண்ணே கிடைக்கும். n = 40 ஆகும்போது 1681, அதாவது 41² வருகிறது. நாற்பது ஒத்த விடைகளும் ஒரு நிறுவலுக்கு ஈடாகவில்லை. க.பொ.த. உயர்தர இணைந்த கணிதத்தில் கணிதத் தொகுத்தறிவு கற்பிக்கப்படுவதன் தேவை இங்கே தெளிவாகிறது.

இராமானுஜன் மேதை; அவர் வழி மற்றவர்க்கு ஆகாது என்று வாதிடலாம். முடிவுகளின் உயரத்தை மேதைமை விளக்கும். முறையின் பலத்தையும் பலவீனத்தையும் அது விளக்காது. மறைந்த வழியைத் தேடுவதால் வரும் தெளிவும், சோதிப்பாரின்றி வரும் பிழையும் எல்லா மாணவர்க்கும் பொதுவானவை. மேதையும் மறுவாசகரின்றி முழுமை பெறவில்லை என்பதை 1918இல் ஹார்டியோடு சேர்ந்து வெளியிட்ட பிரிவினை எண்கள் (ஓர் எண்ணை நேர் முழு எண்களின் கூட்டலாக எழுதும் வழிகளின் எண்ணிக்கை) பற்றிய கட்டுரை காட்டுகிறது. அதில் சூத்திரத்தோடு நிறுவலும் இருந்தது. 200இன் பிரிவினைகளின் எண்ணிக்கையாகக் கணித அறிஞர் மக்மகோன் தனியே கணித்துப் பெற்ற 3,972,999,029,388 என்ற எண்ணோடு சூத்திரமும் ஒத்தது.

கிளிநொச்சி நகருக்கு அருகே வயலும் வாய்க்காலும் சூழ்ந்த உருத்திரபுரத்தில் கற்கும் மாணவரிடம் காரின் நூலுக்கு நிகரானவை இன்று உள்ளன: அரசு இலவசமாகத் தரும் பாடநூல், கடந்தகால வினாத்தாள்கள், அவற்றின் புள்ளித்திட்டம். பயன் அவற்றைக் கையாளும் வரிசையில் இருக்கிறது. நாளுக்கு ஒரு தேற்றத்தை அல்லது ஒரு வினாவை எடுத்து, விடையைப் பாராமல் முயல வேண்டும். தவறிய முயற்சியையும் அழிக்காமல், திகதியிட்டு, படிகளோடு எழுத வேண்டும். அதன் பின்னரே புள்ளித்திட்டத்தைத் திறந்து, தன் வாதம் எந்தப் படியில் வேறுபடுகிறது என்று ஒப்பிட வேண்டும். ஒரு வாரம் கழித்து அதே வினாவைக் கொப்பியைப் பாராமல் மீளச் செய்தால், விளங்கியது எது, மனனமானது எது என்று தெரிந்துவிடும்.

புள்ளித்திட்டம் ஒரு வழியையே காட்டும். மாணவர் வேறு வழியில் சென்றிருந்தால் அதன் குறையைச் சொல்லாது. ஆகவே வாரத்துக்கு ஒருமுறையாவது கொப்பியை ஆசிரியரிடமோ சக மாணவரிடமோ அறிவியல்நகர்ப் பொறியியல் பீட மாணவர் ஒருவரிடமோ கொடுத்து வாசிக்கச் செய்வது இம்முறையின் இன்றியமையாத பகுதி. இராமானுஜனுக்குப் பத்தாண்டு கழித்துக் கிடைத்த மறுவாசகரை இன்றைய மாணவர் முதல் வாரத்திலேயே தேடிக்கொள்ள வேண்டும்.