வெள்ளை மருந்து பிறந்த கதை

நாகூர் கந்தூரியில் வாணம் விடும் இரவில் கீழவாஞ்சூரில் மொட்டை மாடி ஏறினால் போதும், தெற்கு வானம் பூப்பூவாய் வெடிப்பது தெரியும். காற்று ஓய்ந்த இரவானால் வெளிச்சம் அணைந்த பிறகும் புகை அங்கேயே தொங்கும். வெடியுப்பும் கந்தகமும் கரியும் கலந்த கருமருந்தின் குணம் அது. எரிந்த பின் பாதிக்கு மேல் வாயுவாகாமல் தூளாகவே மிஞ்சும். வாணத்துக்கு அது அழகு. துப்பாக்கிக்காரனுக்கு அது சனி. முதல் குண்டிலேயே இலக்கு புகையில் மறையும்; பத்துப் பன்னிரண்டு சுடுவதற்குள் குழாயில் கரி அப்பி, குண்டு தன் போக்கில் போகும்.

இந்தச் சனியை விரட்டியது பிரான்ஸ். அதனால் கதையை வாஞ்சூரிலிருந்து தொடங்குவதில் நியாயம் இருக்கிறது. 1954 வரை இந்தப் பக்கம் பிரெஞ்சு மண். நாகூர்ப் பக்கம் 1947 வரை பிரிட்டிஷ் மண். இன்று எல்லையைக் காட்டுவது சாராயக் கடைப் பலகைகள்தான். துப்பாக்கி மருந்திலும் இந்த இரண்டு அரசுகளும் இரண்டு வழி பிரிந்தன.

1884-இல் போல் வியேய் என்ற பிரெஞ்சு வேதியியலாளர் நைட்ரோ ஏற்றிய பஞ்சைச் சாராயத்திலும் ஈதரிலும் குழைத்தார். (சாராயம் என்றதும் வாஞ்சூர்க்காரர் சிரிக்க வேண்டாம்.) சும்மா விட்டால் வெறிபிடித்து வெடிக்கும் பஞ்சு, களியாகி, தகடாகி, சின்னச் சதுரங்களாக வெட்டப்பட்டதும் அடங்கிப்போய், புகை அதிகமில்லாமல் மேலிருந்து உள்ளே ஒழுங்காக எரிந்தது. தகட்டின் கனம்தான் எரியும் வேகத்துக்குக் கடிவாளம். உண்மையான கண்டுபிடிப்பு புகை போனதைவிட இதுதான் என்பது என் கட்சி. இந்த மருந்துக்கு ‘பூத்ர் பே’ என்று பெயர் வைத்தார்கள். ‘பே’ என்பது ‘பிளான்ஷ்’, வெள்ளை என்பார்கள். ஜெனரல் பூலான்ஷேயின் முதலெழுத்து என்றும் ஒரு பேச்சு உண்டு. 1886-இல் இதற்கென்றே லெபெல் துப்பாக்கி வந்தது. 11 மில்லிமீட்டர் குண்டு 8 ஆகச் சுருங்கியது. வேகமோ நொடிக்கு 600 மீட்டரைத் தாண்டியது.

நோபல் சும்மா இருப்பாரா? 1887-இல் அதே பஞ்சோடு நைட்ரோகிளிசரின் சேர்த்து ‘பாலிஸ்டைட்’ செய்தார். பிரான்ஸ் வேண்டாம் என்றது, இத்தாலி வாங்கிக்கொண்டது. 1889-இல் பிரிட்டிஷ் அரசுக்காக வேதியியலாளர்கள் ஏபலும் டியூவரும் அதே பாதையில் ‘கார்டைட்’ செய்தார்கள். நோபல் வழக்குப் போட்டுத் தோற்றார். கார்டைட் பார்க்க இடியாப்பம் மாதிரி இருக்கும். இந்தியாவுக்கான இடியாப்பத்தை நீலகிரியில் பிழிந்தார்கள். அருவங்காட்டில் 1903-இல் தொடங்கிய தொழிற்சாலைக்கு மின்சாரம் காட்டேரி அருவியிலிருந்து வந்தது. குன்னூர் தாண்டி மலை ரயிலில் போகிறவர்கள் அதை இன்றும் பார்க்கலாம்.

கார்டைட்டில் பலம் அதிகம், சூடும் அதிகம். லீ-மெட்ஃபோர்டு துப்பாக்கிக் குழாயின் ஆழமில்லாத வரிகளை அது சீக்கிரமே தின்று தீர்த்ததால், 1895-இல் ஆழமான வரிகளோடு லீ-என்ஃபீல்டு வந்தது. சுட்ட கூட்டை எடுத்துத் தோட்டாவைத் தானே நிரப்புகிறவருக்கு அதில் இன்னொரு தொல்லையும் உண்டு. கூட்டின் கழுத்தை ஒடுக்குவதற்கு முன்பே இழைக்கட்டைச் செருகிவிடுவார்கள். ஒடுங்கிய வாய் வழியாக இடியாப்பத்தை அளந்து போட யாரால் முடியும்?

பிரெஞ்சு மருந்தும் குறையில்லாதது அல்ல. நாள்பட நாள்படத் தானாகவே கெட்டது. 1907-இல் இயெனா, 1911-இல் லிபெர்தே என இரண்டு போர்க்கப்பல்கள் தூலோன் துறைமுகத்திலேயே வெடித்துச் சிதறின. அதன் பிறகுதான் மருந்து கெடாமல் காக்கும் சேர்மானத்தில் கவனம் கூடியது.

இலக்குச் சுடுகிறவர் கடைசியில் கையில் எடுத்தது வியேயின் வம்சத்தைத்தான்: நைட்ரோகிளிசரின் கலக்காத, குச்சி குச்சியாக நறுக்கிய மருந்து. அமெரிக்க ராணுவத்துக்காகச் செய்த 4895 என்னும் மருந்து இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு மிச்சமாகி மலிவாகக் கிடைத்தது; வீட்டில் தோட்டா நிரப்பும் பழக்கமும் அதோடு ஊன்றியது. ஆனால் நம் ஊரில் உரிமம் இல்லாமல் தோட்டாவைத் தொடவே முடியாது. நம் போட்டி வீரர்கள் அதிகம் சுடும் .22 தோட்டாவோ ஒருமுறை சுட்டால் குப்பைதான். அதை மறுபடி நிரப்ப வழியில்லை.

பெரிய தோட்டா நிரப்புகிறவர் மருந்து பொறுக்கும்போது முதலில் பார்ப்பது கூட்டின் வயிற்றையும் குண்டின் எடையையும். கனத்த குண்டுக்கு மெதுவாக எரியும் மருந்து, லேசான குண்டுக்கு வேகமானது. கனத்த குண்டுக்கு வேகமான மருந்தை மாற்றிப் போட்டால் துப்பாக்கியே வெடிக்கலாம். அதனால் தயாரிப்பாளரின் அட்டவணையைத் தாண்டி ஒரு மணிகூடப் போடமாட்டார்கள். அதற்குப் பிறகுதான் ருசி. பலம் அவருக்கு இரண்டாம் பட்சம். முதல் குண்டும் இருபதாவது குண்டும் ஒரே வேகத்தில் போக வேண்டும். இல்லையென்றால் 600 மீட்டர் தாண்டும்போது ஒன்று மேலே, ஒன்று கீழே. உருண்டை மருந்து தண்ணீர்போல் வழிந்து அளவு சரியாக விழும். குச்சி மருந்து அளவியில் சிக்கி நறுக்கென்று முறியும். ஆனாலும் குச்சியை நம்பி, தராசில் நிறுத்துப் போடுகிறவர்களே அதிகம்.

மிச்சம் இருப்பது வெயில். சூடேறினால் மருந்தின் அழுத்தம் கூடும்; குளிர்ந்த காலையில் திருத்திய குறி உச்சி வெயிலில் பிசகும். வாஞ்சூரின் சித்திரை வெயிலை நினைத்துக்கொண்டால் அந்தக் கவலை புரியும். வெயிலைத் தாங்குவதற்கென்று பேர்வாங்கிய மருந்து ஒன்று, அதுவும் குச்சிதான், ஆஸ்திரேலியாவில் முல்வாலா என்ற ஊரிலிருந்து வருகிறது. உள்ளூரில் அதற்குப் பெயர் ஏஆர்2208. அமெரிக்கக் கடையில் வார்கெட். அதிலும் நைட்ரோகிளிசரின் கிடையாது.